பதினொன்றும் பதினான்கும்

கோரிமேட்டில் எனக்கு வேலை,
கண்ணாடித் தகட்டில் காய்ந்த ரத்தத்துக்கு
ஊதா நிறமேற்றிப் பார்ப்பது.
அணுக்கள் நல்லவை. ஓடாது.
சந்தேகம் வந்தால் டீ குடித்துவிட்டு வந்தும் பார்க்கலாம்,
இருந்த இடத்திலேயே இருக்கும்.

அந்தத் தைரியத்தில்தான் வாங்கினேன்
பைனாகுலர், ஒன்பது மாதத் தவணையில்.

முதல் ஞாயிறு. ஊசுட்டேரி.
கரையில் நின்று ஃபோகஸ் திருகி முடிப்பதற்குள்
வந்த காரியம் பறந்துவிட்டது.
கிளை இருந்தது. கிளை மிகத் தெளிவாக இருந்தது.
அது ஆடிக்கொண்டிருந்ததை எழுதிக்கொண்டேன்.

புத்தகத்தில் எல்லாப் பறவையும்
பக்கவாட்டில் திரும்பி நிற்கிறது,
போட்டோ ஸ்டுடியோவுக்கு வந்ததுபோல.
ஏரியில் வெயில் எதிரே.
எல்லாம் கருப்பு.
கருப்பாக நீந்துவது, கருப்பாக முங்குவது,
முங்கி, நான் பார்க்காத பக்கம் எழுவது.
நெற்றி வெள்ளை என்றால் நாமக்கோழி,
சிவப்பென்றால் தாழைக்கோழி.
நெற்றியைக் காட்ட அதற்கெங்கே நேரம்?

வெள்ளைகளின் வழக்கு வேறு.
விரல் மஞ்சளா பார் என்கிறது புத்தகம்.
விரலோ சேற்றுக்குள்.
முக்கால் மணி நேரம் கழித்து
ஒரு காலைத் தூக்கியது,
புதுச் செருப்போடு தண்ணீரில் மிதித்துவிட்டவர் போல.
மஞ்சள்!
சின்னக் கொக்கு என்று எழுதும்போது
கை நடுங்கியது.
பிறர் நோயின் பெயர்களையே
இருபது வருடம் எழுதிய கை.

"ஞாயித்துக்கிழமை மீன் வாங்கப் போற மனுசன்
கொக்கு பாக்கப் போறாரு" என்றாள் ஜெசிந்தா,
தங்கையிடம், போனில், எனக்குக் கேட்கும்படி.
"கொக்காவது அதோட மீன அதே புடிச்சுக்குது."

மார்கழி வந்தது. நோட்டில் பத்தொன்பது.
பதினொன்று: சேற்று நிறம், கோடு விழுந்த கழுத்து,
கடன்காரனுக்குப் பயந்தவன் போலக் குறுகி நிற்கும்.
கேள்விக்குறி.
பதினான்கு: வெள்ளை இறக்கை, தாழப் பறக்கும்.
இறங்கியதைப் பார்த்ததே இல்லை.
கேள்விக்குறி.

புல் அறுக்க வந்தவள்
மடைச்சுவரில் சைக்கிளைச் சாத்திவிட்டு
என் கழுத்தையும் நோட்டையும் பார்த்தாள்.
"என்னா சார், அளக்க வந்தீங்களா? ரோடு வருதா?"
இல்லை, பறவை பார்க்கிறேன் என்றேன்.
ரோடு என்று சொல்லியிருந்தால்
நம்பியிருப்பாள்.

பதினொன்று அப்போது பக்கத்திலேயே நின்றது.
அது என்ன என்று கேட்டேன்.
"மடையான்."

கடைசி ஒற்று காதில் விழவில்லை.
நாற்பத்தாறு வயது, மத்திய அரசு வேலை,
கழுத்தில் பாதித் தவணை.
பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவள் சைக்கிளை நகர்த்த
ஸ்டாண்டு படீரென்று அடித்தது.
சேறு எழுந்தது.
எழுந்த சேற்றுக்குள்ளிருந்து
துவைத்த வேட்டியை உதறியதுபோல்
இரண்டு வெள்ளை இறக்கை.
வாய்க்காலைத் தாழக் கடந்து
அந்தக் கரையில் இறங்கி
மடித்துக்கொண்டது.
மறுபடியும் சேறு.

"மடையிலயே நிக்கும் சார், அதான் மடையான்"
என்றவள் கட்டுக்குள் குனிந்துவிட்டாள்.
திறந்த வாயை
நான் மூட மறந்திருந்தேன்.

பதினான்கை அடித்தேன், ஒரே கோடு.
ஒன்று குறைந்த நோட்டோடு
வில்லியனூர் வழியாக
ஸ்கூட்டரில் விசிலடித்துக்கொண்டு வந்தேன்.

"இன்னிக்கு ஒண்ணு குறைஞ்சுது" என்றேன்.
"வஞ்சிரமா?" என்றாள் ஜெசிந்தா.

திங்கட்கிழமை, ஒன்பதே கால்.
நுண்ணோக்கியில் ஊதா நிறத்தில் ஒன்று,
பெயர் எனக்கு நன்றாகத் தெரிந்தது,
குறுகி உட்கார்ந்திருந்தது.
யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு
மேசையை விரலால் தட்டினேன்.

பறக்கவில்லை.
இன்னொரு முறை தட்டினேன்.