ரிட்டன் டிரிப்

ஹைகிரவுண்டில் ஒரு மாடியறை.
வியாழன்தோறும் பத்தரை மணி.
மின்விசிறிக்கு மூன்று இறக்கை, எண்ணிவிட்டேன்.
அது பரீட்சையில் கிடையாதாம்.

ஜெபசீலி மேடம் எண்களைச் சொல்வார்:
ஏழு. இரண்டு. ஒன்பது. நான்கு.
'பின்னாலேர்ந்து சொல்லுங்க, பிரமநாயகம்.'
முதல் வாரம் ஏழு மட்டும் கையில் நின்றது.
மற்றதெல்லாம் ஓடுகிற வண்டியிலிருந்து குதித்துவிட்டன.

குரல்களை மாத்திரை பார்த்துக்கொண்டது.
இப்போது அவை பக்கத்து வீட்டு டி.வி.,
சுவருக்கு அந்தப் பக்கம்.
ஆனால் அடுப்பில் பால் இருப்பதை
எந்த மாத்திரை வந்து சொல்லும்?
மூன்று பாத்திரம் கரிந்தபிறகு
கோமு அக்கா அந்த வேலையை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாள்.
எடுக்கும்போது ஒரு வார்த்தை ஏசவில்லை.
ஏசியிருக்கலாம்.

'கம்ப்யூட்டர்ல மார்க் ஏறுது' என்றார் மேடம்,
'ஏறின மார்க் கடைக்கு வருதா, அடுப்படிக்கு வருதா,
அதைத்தான் இப்ப எல்லா ஊர்லயும் தேடுறாங்க.
எங்களுக்கும் முழுசாத் தெரியாது.'
படித்த ஒருவர் தெரியாது என்று சொல்லி
நான் கேட்டது அன்றைக்குத்தான்.
அடுத்த வியாழன் பத்து மணிக்கே போய் உட்கார்ந்தேன்.

திரையில் பச்சை வட்டம் வந்தால் அமுக்கணும்.
சிவப்பு வந்தால் சும்மா இருக்கணும்.
சும்மா இருப்பது லேசு என்று நினைப்பீர்கள்.

பதினோரு வருஷம் தென்காசி வண்டியில் கண்டக்டர்.
ஒரு விசில் நில், ரெண்டு விசில் போ.
ஆலங்குளத்தில் ஒருநாள்
விசில் வாயில், மூச்சு நெஞ்சில்,
ஒன்றா ரெண்டா தெரியாமல் நின்றேன்.
டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.
அறுபது பேர் பார்த்தார்கள்.
கடைசி சீட்டில் யாரோ, 'என்னவே, சாமி வந்துட்டா?'
சிரிப்பு பேட்டை வரைக்கும் போயிருக்கும்.
நான் அங்கேயே இறங்கிவிட்டேன்.

'இது விசில்தானே மேடம்?' என்றேன் வட்டத்தைக் காட்டி.
அவர் நோட்டில் என்னவோ எழுதினார்.

அன்றிலிருந்து எண்களை வண்டியில் ஏற்றினேன்.
ஜங்ஷனில் ஏழு, டவுணில் இரண்டு,
பேட்டையில் ஒன்பது, குடையோடு,
சீதபற்பநல்லூரில் நான்கு, சில்லறை இல்லாமல்.
பின்னாலேர்ந்து சொல்லணுமா?
கண்டக்டருக்கு ரிட்டன் டிரிப்பை
யார் சொல்லிக்கொடுக்கணும்?
நான்கு, ஒன்பது, இரண்டு, ஏழு.
மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

போன செவ்வாய் பாளை மார்க்கெட்.
துண்டுச்சீட்டு இல்லை.
உளுந்து, சீயக்காய், நாற்பது வாட்ஸ் பல்பு.
பல்பை ஜன்னலோரம் உட்காரவைத்தேன், உடையக்கூடாதே.
மூன்றும் வீடு வந்தன, மீதி பதினாலு ரூபாயும்.
அக்கா சில்லறையை ரெண்டு தடவை எண்ணினாள்.
பிறகு பால் பாக்கெட்டை எடுத்து
என் கையில் வைத்துவிட்டு
துணி காயப்போட மாடிக்குப் போனாள்.
பால் பொங்குகிறவரை அடுப்பைவிட்டு நான் நகரவில்லை.
காலில் கொசு. விட்டுவிட்டேன்.

இந்த மாதத்தோடு ஆராய்ச்சி முடிகிறது.
லேப்டாப்பை அட்டைப்பெட்டியில் வைத்தாயிற்று.
சீட்டுக் குலுக்கியதில் அடுத்த குரூப்பில் விழுந்த சுடலையாண்டிக்கு
நாலு மாதமாகப் பேச்சும் டீயும் மட்டும்.
'அவனுக்கு எப்ப மேடம்?'
'வரிசையில இருக்காங்க. நிதி வந்ததும்.'
வரிசையில் நிற்கிறவர்களை விட்டுவிட்டு
வண்டி போவது எனக்குத் தெரியும்.
நானே எத்தனை தடவை ரெண்டு விசில் ஊதியிருக்கிறேன்.
சனிக்கிழமை அவனைக் கூப்பிட்டுக்கொண்டு
ஜங்ஷனில் வண்டி பார்க்கப் போகலாம்.

கடைசிப் பரீட்சை. பதினைந்து சொற்கள்.
அரை மணி கழித்துக் கேட்டார்.
மேளம், கத்திரி, ஆறு, தலையணை...
பதினொன்று இறங்கின.
'போதும், நல்லாப் பண்ணுனீங்க.'

இருங்க மேடம்.
நாலு பேர் உள்ளே தூங்குகிறார்கள்.
டிக்கெட் நான்தான் கிழித்தேன்.
தென்காசி இன்னும் வரவில்லை.