நான்காம் பொருள், ஏழாம் பொருள்

வியாழன் மாலை ஆறரைக்குக் கூட்டம்.
சாட்ஸ்வொர்த் நூலகத்தின் பின்கூடத்தில்
நாற்பது நாற்காலி, பதினோரு பேர்,
ஒரு தேநீர்க் கொதிகலன்.
அது ஒன்றுதான் அங்கே வாராவாரம் கொதிக்கிறது.

குறிப்பெடுப்பது என் வேலை. சம்பளம் கிடையாது.
வெள்ளி காலையில் ஆங்கிலத்தில் ஒரு தாள்,
தமிழில் ஒரு தாள், நூலகக் கதவில் ஒட்டுவேன்.
தமிழ்த் தாளை நான்கு பேர் படிக்கிறார்கள்,
அதில் இரண்டு பேர் பிழை கண்டுபிடிக்க.

நான்காம் பொருள்: மறுசுழற்சி.
ஆரஞ்சுப் பைகள் இந்த மாதமும் வரவில்லை,
டெண்டர் முடியவில்லை என்றார் உறுப்பினர் சிபியா.
சாக்ரன் கிஸ்டசாமி எழுந்தார்:
"பை வராட்டியும் குப்பை வருதே,
அது யார் எடுத்த டெண்டர்?"
சிரித்தார்கள். சிரிப்பைக் குறிப்பில் சேர்ப்பதில்லை.

ஏழாம் பொருள்: விரைவுப் பேருந்துத் தடம்.
நிலையம் கட்டி மூன்று வருடம்.
கண்ணாடிச் சுவர், தானே திறக்கும் கதவு,
அடுத்த வண்டிக்கு எத்தனை நிமிடம் என்று சொல்ல
ஒரு கறுப்புப் பலகை.
வண்டிதான் இல்லை.
"பரிசீலனையில்" என்று எழுதினேன்.
போன வாரத் தாளில் தேதியை மட்டும்
மாற்றியிருந்தாலும் போதும்.

பொருள் என்றால் என்ன என்று
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் கேட்டார்கள் ஒருமுறை.
சாமான், காசு, அர்த்தம் என்று எழுதி
மூன்றுக்கும் மதிப்பெண் வாங்கினேன்.
கூட்டத்தில் பேசப்பட்டு அப்படியே கிடப்பது
என்ற நான்காவது விடை அப்போது தெரியாது.

ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்.
டாக்சிக்காரர்கள் வேலைநிறுத்தம்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு
ஐந்து மணி இருட்டில் நடந்து போனேன்.
நிலையத்துக்குள் வெளிச்சம்.
தானே திறக்கும் கதவை
ஒரு செங்கல் திறந்து பிடித்திருந்தது.

ஒன்பது பெண்கள், நெற்றியில் விளக்கு.
நாங்கள் ஒரே பையில் இறுக்கிக் கட்டி எறிந்ததை
முடிச்சு முடிச்சாக அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.
பயணிகள் வரிசைக்குப் போட்ட மஞ்சள் கோடுகளில்
முதல் வரிசையில் கண்ணாடி,
அடுத்ததில் தகரம்,
அதற்கடுத்து நசுக்கி அடுக்கிய பால் டப்பாக்கள்.
இருக்கையில் அட்டை, நனையாமல்.
கடைத் தள்ளுவண்டி ஒன்று
பேருந்து நிற்கவேண்டிய கோட்டில்
பிசகாமல் நின்றது.

"பதினெட்டாம் நம்பர் வீடு நீதானே?"
நொக்வாசி என்று பின்னால்தான் பெயர் சொன்னாள்.
"மாத்திரை அட்டையைத் தனியாப் போடு.
விரலைக் கிழிக்குது."
எனக்குச் சர்க்கரை என்பது அவளுக்குத் தெரியும்.
மார்ச்சிலிருந்து எங்கள் பையில்
பீர் பாட்டில் வருவதில்லை என்பதும்.
ஏன் என்று கேட்கவில்லை.

வியாழன். நான்காம் பொருள்: பைகள் வரவில்லை.
ஏழாம் பொருள்: நிலையம் பயன்பாட்டில் இல்லை
என்றார் பொறியாளர், திரையில் அம்புக்குறி வைத்து.
என் பேனா அங்கேயே நின்றது.
உண்மையை எழுதினால் மறுநாளே பூட்டு வரும்,
பூட்டுக்கு டெண்டர் தேவையில்லை.
எழுதாவிட்டால்
பொய்யைத் தட்டச்சு செய்த கை இது.

ஆங்கிலத்தில் அவர் சொன்னபடியே அடித்தேன்.
தமிழ்த் தாளில்:
நிலையம் பயன்பாட்டில் உள்ளது,
செவ்வாய்தோறும், நாலு மணி முதல் விடியும் வரை.
பால் டப்பாவைக் கழுவி வைக்கவும்.
மாத்திரை அட்டையைத் தனியே கட்டவும்.
நான்காம் பொருளும் ஏழாம் பொருளும் ஒன்றே.

பிழை பார்ப்பவர்களில் ஒருவர்
"கட்டவும்" என்பதைப் பென்சிலால் வெட்டி
"மடித்துக் கட்டவும்" என்று திருத்தியிருந்தார்.

அடுத்த செவ்வாய் எங்கள் தெருவில்
ஐந்து வாசலில்
கழுவிக் கவிழ்த்த டப்பாக்கள்.

ஐந்தாவது வீட்டுக்குத் தமிழ் தெரியாது.