வாய்ட்

நீதிபதி சொன்னது ஓரசை.
தமிழில் நான் அதை நான்கெழுத்தாக்கினேன்:
செல்லாது.
பின்னால் தொங்கிய லத்தீன் வாலையும் விடவில்லை,
ஆதி முதலே செல்லாது.

சௌந்தரவல்லி என்னைத்தான் பார்த்தாள்.
எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள்,
என் வாயிலிருந்து வருவதால்
தீர்ப்பே என்னுடையது என்பதுபோல்.
அந்த ஆளுக்கு மன்னார்குடியில் முன்பே ஒருத்தி,
தாலியும் பதிவும் புகைப்படமுமாக.
ஆகையால் சிங்கப்பூரில் நடந்தது
நடக்கவே இல்லை.

"அப்போ ஏழு வருசம் நான் சமைச்சது?"

எங்கள் வேலையில் ஒரு விதி:
அவள் நான் என்றால் நானும் நான்.
அவள் கேட்கிறாள் என்று ஒதுங்கி நிற்க முடியாது.
நிமிர்ந்து, ஆங்கிலத்தில், நல்ல உச்சரிப்பில்,
ஏழு வருடம் நான் சமைத்தது என்ன ஆகும் என்று கேட்டேன்.
எனக்கு ரசம்கூட ஒழுங்காக வராது.
நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
மாட்டினார்.
அடுத்த வழக்கின் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

சைனாடவுனில் ரயிலேறி
கைப்பேசியில் அந்தச் சொல்லுக்கு ஊர் எது என்று தேடினேன்.
பன்னிரண்டு வருடமாக என் நாக்கில் ஏறி இறங்குகிறது,
ஒருநாளும் விசாரித்ததில்லை.
லத்தீனில் காலியாய் இருப்பது.
பழைய பிரெஞ்சில் உழாமல் போட்ட நிலம்.
கடல் தாண்டி வக்கீல்கள் கையில் சிக்கியதும்
பத்திரத்தின் மேல் விழும் குறுக்குக்கோடு.
வெக்கேஷன் அதற்கு ஒன்றுவிட்ட தங்கை.
வேக்யூம் கிளீனரும் உறவுதான், சத்தம் போடுகிற உறவு.
அவாய்ட் வீட்டோடு வளர்ந்த பிள்ளை, முதலில் அதற்குக்
கவிழ்த்துக் காலிசெய் என்று பொருளாம்,
முகத்தைத் திருப்பிக்கொள்வதெல்லாம் பிற்பாடு பழகியது.
பூன் கெங் வருவதற்குள் பெட்டி நிறைய உறவினர்கள்.
தமிழில் எழுதினால் வாய் என்று தொடங்குகிறது.
சம்பளத்துக்கு வாயை விடுகிறவளுக்கு
வெறும்வாயில் அவல் விழுந்தாற்போல.

ஹவ்காங்கில் எங்கள் வீவக புளோக்கின்
சுவரில்லாத கீழ்த்தளத்துக்கும் அதே பெயர்.
வாய்ட் டெக்.
டெக் டச்சுக்காரன் கொடுத்தது. அவனுக்கு அது போர்வை, கூரை.
கப்பலில் ஏறியபோதுதான்
தலைக்கு மேலிருந்தது காலுக்குக் கீழே வந்தது.
இரண்டையும் கூட்டி யார் இந்தப் பெயர் வைத்தார்களோ,
காலியாக நான் பார்த்ததே இல்லை.
போன வாரம் மூன்றாம் மாடி கோவின் பெட்டி
ஐந்து நாள் இதே தூணருகில் இருந்தது.
வேர்க்கடலைத் தோல், விடிய விடிய மாஜோங்,
ஊதுபத்திச் சாம்பல் இன்னும் சாக்கடைக் கம்பியில்.
இன்று ரோஸ்லி குடும்பம் அதே இடத்தில்
நாளைக் கல்யாணத்துக்கு வெங்காயம் உரிக்கிறது.

பாழ் என்று சொல்லிப் பார்த்தேன். சூனியம்.
வெற்றிடம் என்று எழுதினால்
என் மகன் வெற்றி என்று பாதியில் நிறுத்திவிடுவான்.
வெளி? அது வெளியேயும்தான், வானமும்தான்.
வெளி என்று நீதிமன்றத்தில் சொன்னால்
சௌந்தரவல்லி எழுந்து வெளியே போயிருப்பாள்.
போயிருந்தால்தான் என்ன.

ரோஸ்லி ஒரு முட்டையை என் கையில் திணித்தார்.
வருகிறவர்களுக்கெல்லாம் நாளை கொடுப்பதாம்,
காகிதப் பூ சுற்றி. இதற்கு இன்னும் பூ சுற்றவில்லை.
பள்ளியில் முட்டை வாங்கினால் அடி விழும்.
இது சூடாக இருந்தது.
அதோடு ஒரு தட்டுச் சோறு.
யார் சமைத்தது என்றேன்.
தூணுக்குப் பின்னால், பெரிய அண்டாவுக்கு முன்னால்
வியர்வையைத் தோளில் துடைத்தபடி ஒரு பெண் திரும்பினாள்.

உப்பு கொஞ்சம் கூட.
ருசியாக இருக்கிறது என்றேன், மலாயில்.
மலாய்க்கு எனக்கு உரிமம் இல்லை.