நடுத்தட்டு

பாகலூர் சாலையில் எங்கள் விடுதி.
மூன்றாம் அறை, சுவரோடு கட்டிய அலமாரி,
நடுத்தட்டு என்னுடையது.
நாளைக்குக் கரப்பான் மருந்து அடிக்க ஆள் வருகிறார்,
எல்லாவற்றையும் காலி செய்யுங்கள் என்றார் வார்டனம்மா.
இரவு ஷிப்ட் முடிந்து வந்த கண்ணோடு
தாளை உரிக்க ஆரம்பித்தேன்.

ஒன்றின் கீழ் ஒன்று.
வந்தவர்கள் யாரும் பழையதை எடுக்கவில்லை,
மேலேயே விரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மேல்தாள் நான் போட்டது.
அதில் ஒருவன் துணி துவைக்கிறான்.
மெஷினில் ஒரு பட்டனை அழுத்துகிறான், அவ்வளவுதான்.
அதற்கே அவன் பெண்டாட்டி
கன்னத்தில் கைவைத்து நிற்கிறாள்,
கே.ஆர்.பி. டேமை அவனே கட்டினாற்போல.

அடுத்து, பத்துக் கை இல்லாத குறையாக ஒருத்தி:
லேப்டாப், கரண்டி, குழந்தை, டிபன் பாக்ஸ்.
வியர்வை மட்டும் இல்லை.
எல்லாம் அவள் குடிக்கும் சத்துமாவின் மகிமையாம்.

அதற்கடுத்தது பைக்.
இதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.
மலைப்பாதை. அவனுக்குக் கறுப்புக் கண்ணாடி.
பின்னால் அவள் ஒருக்களித்து,
துப்பட்டா பறக்க, அவன் தோளில் கன்னம் சாய்த்து.
'ஆண்மையின் வேகம்' என்று கொட்டை எழுத்து.
துப்பட்டா சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்று
வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே
எங்களுக்குப் படம் போட்டுக் காட்டினார்கள்.

இந்த மாதிரி டேங்கை மாட்டுகிறவள் நான்.
நான்கு போல்ட், கையிலுள்ள கன் 'டக்'கென்று நிற்கும்வரை.
செயின் பூட்டுவது தேன்கனிக்கோட்டை நாகவேணி.
பிரேக் சரிபார்ப்பது அஞ்செட்டி மாதேஸ்வரி.
ஒரு ஷிப்டுக்கு நானூற்றுச் சொச்சம் ஆண்மை
எங்கள் கை தாண்டித்தான் கேட்டைத் தாண்டுகிறது.

அதற்கும் கீழே தாள் மஞ்சள்.
ஒரே பெண்ணின் முகம் ஐந்து தரம்,
இடமிருந்து வலமாக வெளுத்துக்கொண்டே போகிறது.
ஐந்தாம் முகத்துக்கு மாப்பிள்ளை அமைகிறான்.
முதல் முகத்தில் என் சாயல்.
யாரோ அதற்கு மட்டும்
பேனாவால் பொட்டு வைத்திருக்கிறார்கள்.

அடித்தாள் தொட்டாலே உதிர்கிறது.
இது விடுதி ஆகுமுன்,
குடும்பம் இருந்த வீடாக இருந்தபோது போட்டதாயிருக்கும்.
குக்கர். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ.
அவர் செய்தித்தாளுக்குப் பின்னால்,
விரல்கள் மட்டும் தெரிகின்றன.
'அவர் மனம் குளிர' என்று தொடங்குகிற வாசகம்,
மிச்சத்தைப் பூச்சி தின்றுவிட்டது.
எதனால் குளிர்ந்ததோ, இனித் தெரியப்போவதில்லை.

படம் இல்லாத இடத்தில்தான் அந்த எழுத்து.
விளம்பரக்காரன் அழகுக்கு விட்ட வெள்ளையில்,
பைக்கின் வானத்தில், ஐந்தாம் கன்னத்தில்,
தாளுக்கொரு கை, கைக்கொரு மை.

ரூம் 900. அம்மாவுக்கு 1500.
பால் பாக்கி.
தம்பி ஃபீஸ், பாதி கட்டியாச்சு.
தருமபுரி பஸ், போக வர.
கம்மல் மீட்க, அடுத்த மாதம்.
இந்த 'அடுத்த மாதம்' மூன்று தாளில் வருகிறது,
மூன்று கையெழுத்தில்.

குக்கரின் ஆவிக்குள்ளும் ஒரு வரி,
பென்சிலில், பொடி எழுத்தில்:
சீட்டு 25. அவரிடம் சொல்லவில்லை.

நாகவேணி குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே,
"என்னடி, பழைய புக்கா படிக்கிற?" என்றாள்.
ஆமாம் என்றேன்.

மருந்துக்காரர் வந்து போன மறுநாள்
எல்லாவற்றையும் அதே வரிசையில் விரித்தேன்,
குக்கரை மட்டும் பாலிதீன் கவரில் நுழைத்து.
பிறகு, துணி துவைக்கிறவனின்
வெள்ளைச் சட்டைமேல் பேனாவை வைத்தேன்.
வழவழத் தாள், மை பிடிக்கவில்லை.
கிறுக்கிக் கிறுக்கி, வந்ததும் எழுதினேன்:

ரூம் 2800. வீட்டுக்கு 7000.
வண்டி ஓட்டப் பழக 3500.

நாளெல்லாம் வண்டி பூட்டுகிறவளுக்கு
ஓட்டத் தெரியாது என்று
வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.
மிச்சத்தைக் கூட்டிப் பார்த்தேன். கழித்தும் பார்த்தேன்.
கீழே கம்பெனி வேன் ஹாரன் அடித்தது.
அவசர அவசரமாக
அந்த 3500க்கு நேராக
நான்காவது கையெழுத்தில்
அடுத்த மாதம்.