பன்னிரண்டு புள்ளி ஒன்பது

நரின் சந்தைக்குப் பின்னால், மைனஸ் பத்தொன்பதில்
பஸ்ஸாட்டின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன்.
எஞ்சின் ஓடுகிறது. பெல்ட் சுற்றுகிறது.
பேட்டரியில் வைத்த மீட்டர்
பன்னிரண்டு புள்ளி ஒன்பது என்கிறது.
நேற்றும் அதையேதான் சொன்னது.

பதினான்காவது வேண்டும்.
அது இல்லாமல் தோலோன் கணவாய் ஏறக் கூடாது.
ஏறினேன், போன வியாழன் இரவு.
முதலில் வைப்பர் சோம்பியது.
ஹெட்லைட் இரண்டும் தேநீர் நிறத்துக்கு வந்தன.
பிறகு அதுவும் இல்லை.
உள்ளே ஒரு பல்வலிக்காரர், இரண்டு மாணவிகள்,
ஒரு முட்டைக்காரி, அவள் பெட்டி.
யாரும் என்னைத் திட்டவில்லை.
திட்டியிருந்தால் தேவலை.
லாரிக்காரன் ஒருவன் வந்து கயிறு போடும்வரை
நாலு மணி நேரம்
பல்வலிக்காரர் தன் கோட்டுக்குள்
முட்டைகளை உறையாமல் வைத்திருந்தார்.

ஆளுக்கொரு நோய் சொன்னார்கள்.
பேட்டரி செத்துப்போச்சு என்றான் எசென்கான்.
மாற்றினேன்.
பன்னிரண்டு புள்ளி ஒன்பது.
ஆல்டர்னேட்டர்தான், சந்தேகமே இல்லை என்றான் குபாத்.
இரண்டு செம்மறி விற்று
பிஷ்கெக்கிலிருந்து வரவழைத்துப் பொருத்தினேன்.
கை கிரீஸ் துடைக்குமுன் பார்த்தேன்.
பன்னிரண்டு புள்ளி ஒன்பது.
பாக்திகுல், பெண்பிள்ளை ஓட்டுவது
வண்டிக்கே தெரியும் என்றான் மூன்றாமவன்.
அதற்கு மட்டும் காசு கேட்கவில்லை.

பதினோரு வருஷம் பால் கூட்டுறவில் கணக்கெழுதியவள் நான்.
கறந்த கணக்கு ஒன்று, வந்து சேர்ந்த கணக்கு வேறு என்றால்
மாட்டை அடிக்க மாட்டோம்.
வழியில் யார் என்று பார்ப்போம்.

ஹீட்டரைப் போட்டேன், விளக்கைப் போட்டேன்,
சுமை இல்லாத நேரத்தில் எல்லோரும் யோக்கியர்கள்.
ஆல்டர்னேட்டரின் முனையில் ஒரு ஊசி, அதன் உடம்பில் ஒரு ஊசி:
பதினான்கு புள்ளி இரண்டு.
அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.
அப்படியானால் ஒன்று புள்ளி மூன்று
நடுவில் கைமாறியிருக்கிறது.

சிவப்பு வயரை விசாரித்தேன், இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை.
புள்ளி ஒன்று.
வழிச்செலவு. விட்டுவிடலாம்.

பிறகு யாரும் கேட்காத பக்கம்.
ஆல்டர்னேட்டரின் வெற்றுடம்பில் ஒரு ஊசி,
பேட்டரியின் மைனஸில் ஒரு ஊசி.
விரல்கள் உணர்விழந்திருந்தன, எண்ணை இரண்டு தடவை படித்தேன்.
ஒன்று புள்ளி இரண்டு.

அகப்பட்டாய்.

பேட்டரித் தட்டுக்கு அடியில் கிடந்தது
எர்த் பட்டை, பின்னிய செம்புச் சடை.
ஐந்து குளிர்காலச் சாலை உப்பு தின்று
பச்சையாய்ப் பூத்து, பாதி இழை அறுந்து,
போல்ட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே துரு.
போகிற மின்சாரத்துக்குச் சிவப்பு உறை, ஃபியூஸ், ஆளுக்கு ஆள் கவனம்.
திரும்புகிற மின்சாரம் இதன் வழியாகத்தான்
நொண்டி நொண்டி வந்துகொண்டிருந்தது.

நம்பிக்கை இல்லாமல்தான்
ஜம்பர் கேபிளின் கறுப்பை எடுத்து
எஞ்சின் கொக்கியில் ஒரு கவ்வு, மைனஸில் ஒரு கவ்வு.
ஹெட்லைட் எதிர்ச் சுவரைச் சட்டென்று வெள்ளையடித்தது.
ஹீட்டர் விசிறி குரலை உயர்த்தியது.
செத்துக்கிடந்த ரேடியோ, நடு வாக்கியத்தில் கண்விழித்து,
ஆட்டுச் சந்தை விலை வாசிக்கத் தொடங்கியது.

கேட்க மனசில்லை. அணைத்தேன்.

புதுப் பட்டை விலை
ஒரு தட்டு மாந்தி சாப்பிடும் காசு.
சுரண்டினேன், உப்புத்தாள் போட்டேன்,
தகடு வெள்ளியாய்த் தெரிகிறவரை தேய்த்தேன்,
இறுக்கினேன்.
பதினான்கு புள்ளி ஒன்று.
அந்த மிச்சப் புள்ளி ஒன்றை யார் எடுத்தார் என்று தெரியும்,
இருக்கட்டும்.

பழைய ஆல்டர்னேட்டர் டிக்கியில் கிடக்கிறது,
ஒரு குற்றமும் செய்யாமல்.
குபாத்திடம் சொல்ல வேண்டாம் என்று தீர்மானித்து
நேரே அவன் கடைக்குத்தான் போனேன்.
பட்டையை மேஜையில் போட்டேன்.
வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
தேநீர் ஊற்றினான்.
செம்மறியைப் பற்றி இருவரும் பேசவில்லை.

முட்டைக்காரி போன் செய்தாள்.
நாளை விடிகாலை ஐந்துக்கு, முன் சீட்டு வேண்டுமாம்.
பல்வலிக்காரரும் வருகிறாரா என்று
வேறு ஏதோ கேட்பதுபோல் கேட்டாள்.