சொல்லுக்கு ஆறு சதம்

ரயில் போகும்போதெல்லாம் மேசை நடுங்கும்
வெள்ளவத்தைத் தொடர்மாடியில்
ஜேர்மன் பாடசாலைக் கையேடொன்றைத் தமிழாக்குகிறேன்,
டோர்ட்முண்டில் பிள்ளை வளர்க்கும் எங்கட சனத்துக்கு.
சொல்லுக்கு ஆறு சதம், யூரோவில்.

தலைப்பிலேயே தடக்கிவிட்டது.
'யூத எதிர்ப்பு' என்று அனுப்பினேன்.
எல்லாரும் எழுதுவதுதான்.
பொட்ஸ்டாமில் யூதவியல் கற்பிக்கும் ஹன்னா லெவின்ஸ்கி
அகராதி பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"எதிர்ப்பு என்றால்
மற்றவர் முதலில் ஏதோ செய்திருக்க வேண்டாமா?"

நான் அந்தச் சொல்லைச் சுவர்களில் வாசித்து வளர்ந்தவன்.
எங்களிடம் அதற்கு நல்ல பெயர்.
அழித்தேன். பகை என்றேன்;
அதற்கும் இரண்டு பேர் வேண்டும்.
வெறுப்பு என்று போட்டு, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் பக்கம்: பாடசாலை வாசலில் பொலிஸ்.
ஏழு வயதுப் பிள்ளையொன்று
அவருக்குக் காலை வணக்கம் சொல்லி உள்ளே போகிறது,
வழியில் நிற்கும் மரத்துக்குச் சொல்வதுபோல.
எழுந்து தேநீர் போட்டேன்.
இந்த மாடிக்கும் ஒருகாலம் பொலிஸ் வந்தது, படிவத்தோடு:
இரவில் தங்குவோர் பெயர், ஊர், கொழும்பு வந்த காரணம்.
அதை அடிக்குறிப்பாகச் சேர்த்தேன்.
தேநீர் ஆறுமுன் எடுத்துவிட்டேன்.
அங்கே காவல். இங்கே கணக்கு.

ஆனால் முப்பத்தோராம் பக்கம்.
'புகழ்ச்சி' என்று சின்னத் தலைப்பு.
யூதர் மூளைசாலிகள், காசில் கெட்டிக்காரர்,
உலகத்தையே கைக்குள் வைத்திருப்பவர்:
இதுவும் அதே நோய்தானாம்.

போன மாசம்தான், மச்சான் சர்வானந்தன் வீட்டில்,
கேக் வெட்டுமுன் எழுந்து நின்று
"யூதனைப் பாருங்கோ, நாங்களும் அப்படி வரவேணும்" என்று
கைதட்டு வாங்கியவன் நான்.
நல்ல மனதோடுதான் சொன்னேன்.
நல்ல மனதுக்கும் கையேட்டில் ஒரு பந்தி இருக்கிறது.

இரண்டு நாள் தவணை கேட்டேன்.
"எந்தச் சொல் கஷ்டம்?" என்றாள் ஹன்னா.
கேக்கைப் பற்றி எழுதவில்லை.
உண்மையிலேயே ஒரு சொல் இருந்தது:
பந்தியின் கடைசியில், 'இதை நாம் எல்லோரும் சொல்லியிருக்கிறோம்.'
உங்கள் மொழியின் அந்தச் சின்னச் சொல்
எங்களிடம் இரண்டாகப் பிரியும், ஹன்னா.
'நாம்' என்றால் வாசிக்கும் யூதரும் உள்ளே.
'நாங்கள்' என்றால் வெளியே.
எதைப் போட?

கல்கிசைப் பக்கம் ஒரு ரயில் போனது.
பிறகு கொம்பனித்தெருப் பக்கம் ஒன்று.
பதில் பின்னேரம் வந்தது:
"தெரியவில்லை. நாளை வகுப்பில் கேட்கிறேன்.
அதுவரை இடம் விட்டு வையுங்கள்."

விட்டு வைத்திருக்கிறேன்.
வெற்றிடத்துக்குக் காசு இல்லை.