ஐந்தாவது திடல்

வெளியே நாற்பத்திரண்டு டிகிரி, வேலூர் மே மாதம்.
இன்குபேட்டருக்குள் முப்பத்தேழு.
கரண்ட் போன மத்தியானங்களில்
அதன் கதவைத் திறந்தால்
முகத்தில் படுவது குளிர்ச்சி.

தட்டை எடுத்து, ஊதாச் சாயம் ஊற்றிக் கழுவி
சன்னலுக்கு நேரே பிடிக்கிறேன்.
பிழைத்த செல்கள் சாயம் பிடித்திருக்கின்றன.
ஆட்டுக்கொல்லி வைரஸ் தின்ற இடம் மட்டும்
வட்ட வட்டமாய் வெளுத்து,
மந்தை மேய்ந்துவிட்டுப் போன கரடு மாதிரி.

இருநூற்றுப் பன்னிரண்டு சேர்மங்களில்
பதினேழாவது, வட்டங்களைப் பாதியாக்குகிறது.
அளவைக் கூட்டினால் வைரஸோடு
செல்லும் போய்விடுகிறது.
பிறகு எண்ணுவதற்கு ஒன்றுமில்லை.
அது எதையும் கொல்வதில்லை, சரியாகச் சொன்னால்.
வேலி போடுகிறது. நாள் வாங்கித் தருகிறது.
கடைசி வரிசைக் குழிகளுக்கு மருந்தே கிடையாது.
அவை இல்லாமல் எதோடு ஒப்பிடுவது?

வியாழக்கிழமை மண்.
ஒரே காசோலையில் வந்த பணம் என்பதால்
வைரஸ்காரியான நானும் ஜபீனோடு
அணைக்கட்டு தாண்டி மலையடிவாரம் போகிறேன்.
நான்கு திடலுக்குக் கம்பிவேலி.
ஒன்றில் ஏழு நாள் மேய்ச்சல்,
இருபத்தொரு நாள் ஓய்வு.
கொழுக்கட்டைப் புல் முழங்கால் தொடுகிறது.
இரும்பு வளையத்தைத் தட்டி இறக்கி
ஒரு லிட்டர் ஊற்றினால்
ஆறு நிமிடத்தில் மண் குடித்துவிடுகிறது.

ஐந்தாவது திடலில் நாற்பது நிமிடம்.
அங்கே வேலி இல்லை, விதை இல்லை,
எப்போதும் போல எல்லா நாளும் மேய்ச்சல்.
யார் ஆடு எந்தத் திடலுக்கு என்று
டிபன் டப்பாவில் சீட்டுப் போட்டுக் குலுக்கினோம்.
தாயாரம்மா எடுத்தது ஐந்து.

"இன்னாத்துக்குமா என் ஆட்ட மட்டும் பட்டினி போட்ட?"
என்றாள் முதல் மாதம்.
ஜபீன் விளக்கினாள். நானும் விளக்கினேன்.
ஒப்பீடு என்ற சொல்லை நாங்கள் சொல்லச் சொல்ல
அவள் ஆட்டின் விலாவை எண்ணிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் மாதம், சீக்கு.
மூக்கில் சளி, வாயில் புண், கழிச்சல்.
தடுப்பூசி முகாமுக்கு அவள் மந்தை வரவில்லை,
பொய்கைச் சந்தைக்குப் போயிருந்தது அன்று.
முப்பத்தொன்பதில் பதினொன்று.
"நீதான மருந்து கண்டுபிடிக்கிற, குடு."
பதினேழு ஃப்ரீசரில் இருக்கிறது,
ஓர் ஆட்டுக்கும் கொடுத்துப் பார்க்கவில்லை,
கொடுக்க அனுமதியில்லை என்று
எந்தத் தமிழில் சொல்வது?
பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

போன வாரம் மூன்றாம் திடலில்
கம்பி வளைந்திருந்தது.
புழுக்கை, புதிய குளம்படிகள்,
அடியோடு கடித்த புல்,
ஓய்வின் பதினாறாம் நாள்.
தாயாரம்மா எதிரே நின்றாள்,
மறுக்கவில்லை, கும்பிடவும் இல்லை.
"ராத்திரி உட்டேன்" என்றாள். அவ்வளவுதான்.

மூன்று வருஷத்துத் தரவு.
அந்த ஒரு வாரத்தை நீக்கிவிட்டால்
வரைபடம் அழகாக ஏறும் என்றாள் ஜபீன்.
அது உண்மைதான், போட்டுப் பார்த்தோம்.

எண்களை அப்படியே விட்டுக்
குறிப்புப் பத்தியில் எழுதினேன்:
திடல் மூன்று. இரவு மேய்ச்சல்.
இருபத்தெட்டு ஆடுகள். காரணம், பசி.

படித்துவிட்டுக் கேட்டாள் ஜபீன்:
"பசிக்கு அலகு என்ன போட?"

அந்தக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.